ஓணான் யாருக்குத் தலையாட்டுகிறது

பறவையும் பூச்சியும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஓணான்கள் வேலிக்குள்ளே நிழல் பார்த்துக் கூட்டமாகக் குடியிருந்தன. வெயிலில் போய்க் காய வேண்டும் என்ற தலையெழுத்து எந்த ஓணானுக்கும் இல்லை, முள்ளன் ஒருவனைத் தவிர.

முள்ளனுக்குச் சூரியனைப் பார்க்கிற வேலை. குளக்கரையில் தனியே நின்ற உடை என்ற முள்மரத்தின் உச்சியில்தான் இருப்பு. காலையிலும் சாயங்காலத்திலும், சூரியன் கண்ணைக் குத்தாமல் சிவந்திருக்கும் நேரத்தில், அதன் முகத்தில் கரும்புள்ளி ஏதாவது கிளம்பியிருக்கிறதா என்று பார்ப்பான். புள்ளி இடது ஓரத்தில் தோன்றும். நாளுக்கு நாள் நடுவுக்கு நகரும். ஓரத்தில் இருக்கும்போது அது வெடித்து நெருப்பைத் துப்பினால் பயமில்லை, வேறு எங்கோ போய்விடும். நடு முகத்தில், நம்மைப் பார்த்தபடி வெடித்தால்தான் ஆபத்து.

ஏனென்றால் பூமி தெற்குக்கும் வடக்குக்குமாக ஒரு நூலைக் கட்டி வைத்திருந்தது. அது கண்ணுக்குத் தெரியாது. பறவைகளின் நெஞ்சுக்குத் தெரியும். குளிர்காலத்தில் இந்தக் குளத்துக்கு வரும் வரித்தலை வாத்துகள் அதைப் பிடித்துக்கொண்டுதான் வரும், போகும். சூரியன் துப்பிய நெருப்பு வந்து மோதினால் அந்த நூல் சிக்காகிவிடும். அதனால் வாத்துகள் கிளம்புமுன் முள்ளனிடம் கேட்கும். அவன் தலையை ஆட்டினால் போகலாம். ஆட்டாவிட்டால் இருக்க வேண்டும். கண்ணால் பார்க்காமல் தலையாட்டக் கூடாது என்பது ஒன்றுதான் அவனுக்கு விதி.

நாள் முழுக்கச் சூரியனையே முறைக்கிறவன் சீக்கிரம் குருடாகிவிடுவான் என்று சொல்லி, வேலியில் யாரும் அவனுக்குப் பெண் கொடுக்கவில்லை. கொஞ்ச நாளில் அவனிடம் பேசுவதையும் விட்டுவிட்டார்கள். குளிர்காலத்தில் வடக்கத்தி என்ற பெண் வாத்து மட்டும் மரத்தடிக்கு வந்து, மலைகளுக்கு அந்தப் பக்கத்துக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் பேசுகிற மாதங்கள்தான் முள்ளனுக்கு வருஷம். மற்றதெல்லாம் வெறும் வெயில்.

அந்த வருஷம் குளம் சீக்கிரமே வற்றத் தொடங்கியது. வாத்துகள் ஊர் திரும்பி முட்டையிட வேண்டிய காலமும் வந்தது. கூட்டத்தை நடத்துகிற ஆண் வாத்து வந்து கேட்டபோதெல்லாம், புள்ளி இருக்கிறது, பொறு என்று முள்ளன் நிறுத்திவைத்தான். அந்தப் புள்ளிகள் வெடிக்காமலே தேய்ந்துபோயின. தண்ணீர்தான் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் சாயங்காலம் ஆண் வாத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"பேச்சுத் துணைக்கு ஆள் வேணும்னு எங்களப் பிடிச்சி வச்சிருக்கீயளோ அண்ணாச்சி? வேற நாதியில்லைன்னா அதச் சொல்லிரும்."

கூட்டம் முழுக்கச் சிரித்தது. வடக்கத்தி சிரிக்கவில்லை. ஆனால் அப்படிப் பேசாதே என்றும் அவள் சொல்லவில்லை. அதுதான் முள்ளனுக்குத் தைத்தது. ஆண் வாத்து சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருக்குமோ என்று தன்னையே கேட்டுக்கொண்டான். பதில் சொல்ல அவனுக்கே பயமாக இருந்தது.

மறுநாள் விடியும்போது வானம் முழுக்கக் கோடை மேகம். சூரியன் இருக்கிற திசைகூடத் தெரியவில்லை. ஒரு வாரத்துக்கு முன்பே இடது ஓரத்தில் ஒரு பெரிய புள்ளி கிளம்பியிருந்தது. அது இந்நேரம் நடு முகத்துக்கு வந்திருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். வடக்கத்தி தன் பிள்ளையோடு மரத்தடிக்கு வந்தாள்.

"போலாமா அண்ணாச்சி?"

பார்க்கவில்லை, எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், பிடித்து வைக்கிறான் என்று இவளும் நினைத்துவிடுவாளே. முள்ளன் தலையை ஆட்டினான்.

"பாத்தீயள்லா? வடக்க திரும்பிப் போறது இவனுக்கு இதான் மொதல் தடவ. அதான் கேக்கேன்."

முள்ளன் இன்னொரு தரம் தலையை ஆட்டினான்.

கூட்டம் எழும்பிப் போனது. மத்தியானத்துக்கு மேல் மேகம் விலகியது. சாயங்காலச் சூரியனின் நடு முகத்தில் அந்தப் புள்ளி புண்ணைப் போல விரிந்து கிடந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து வெள்ளையாக ஒரு வெளிச்சம் வெட்டி அணைந்தது. முள்ளன் உச்சிக் கிளைக்கு ஓடி, தொண்டை கிழியக் கத்தினான். வடக்கே வானம் வெறுமையாக இருந்தது.

சில நாள் கழித்து ஆண் வாத்து மட்டும் தனியாகத் திரும்பி வந்தது. வழியிலே நூல் சட்டென்று நெஞ்சை விட்டுப் போய்விட்டதாம். ஆளுக்கொரு திசை சொன்னார்களாம். வடக்கத்தியின் பிள்ளை கூட்டத்தை விட்டு விலகியதும், அவனைத் தேடி அவளும் திரும்பினாளாம். அப்புறம் அவர்களை யாரும் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அது மெதுவாகக் கேட்டது. "அண்ணாச்சி, அன்னைக்குச் சூரியனப் பாத்தீரா?"

"பாக்கல."

ஆண் வாத்து குளத்தில் இறங்கியது. இருந்த கொஞ்சத் தண்ணீரைக் குடித்தது. போகலாமா என்று கேட்காமலே பறந்து போனது.

கத்திய தொண்டையில் கட்டிய ரத்தச் சிவப்பு முள்ளனுக்குக் கடைசிவரை இறங்கவில்லை. அடுத்த குளிர்காலத்தில் வேறு வாத்துகள் வந்தன. எதுவும் மரத்தடிக்கு வரவில்லை. யாரும் கேட்காவிட்டாலும் முள்ளன் மரத்தை விட்டு இறங்கவில்லை. வடக்கத்தியும் பிள்ளையும் இன்னும் எங்கேயாவது சுற்றிக்கொண்டிருந்தால், வழி கேட்கத் திரும்பி வந்தால், அவன் அங்கே இருக்க வேண்டுமே. தினமும் சூரியனை நன்றாகப் பார்த்துவிட்டு, பார்த்துவிட்டேன், இப்போது வரலாம் என்று வெறும் வானத்துக்குத் தலையாட்டினான்.

அவன் பிள்ளை குட்டி இல்லாமல்தான் போனான். ஆனால் வேலிக்குள் இருந்த ஓணான்கள், அவன் போன பிறகு அந்த உச்சி காலியாகக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், ஒவ்வொன்றாக வெயிலுக்கு ஏறி வந்தன. அப்போது தொடங்கியதுதான், ஓணான் நிழலை விட்டுத் தனியே ஏறி உட்கார்ந்து, அவனைப் போலவே கழுத்துச் சிவக்க, யாருமில்லாத பக்கம் பார்த்து இன்றைக்கும் தலையாட்டிக்கொண்டிருப்பது.