ஆடு இருந்தால் மருந்து இல்லை

ரொம்ப காலத்துக்கு முன்னே கொற்றவாடி நாட்டை மாறபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி, ஆனாலும் ஈரமனசு. ஏழைகளுக்கென்று தர்ம வைத்தியசாலை நடத்தினார். அதைக் கவனித்துக்கொண்டவர் வல்லபராயர். மந்திரி குழைக்காதரைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

"பிரபு, பணக்காரனெல்லாம் கந்தலைச் சுற்றிக்கொண்டு வந்து சூரணம் வாங்கிப்போகிறான்" என்று ஓதினார் வல்லபராயர்.

ராஜா மந்திரி பக்கம் திரும்பினார். "சீர்திருத்தம் வேணும். நீரே சட்டம் எழுதும்."

குழைக்காதர் ஒரே மூச்சில் எழுதித் தள்ளினார். ஆடு மாடு இருந்தால் ஏழையில்லை. கையில் காசு இருந்தால் ஏழையில்லை. இரண்டும் இல்லாவிட்டாலும், சொந்த வீடுள்ள நாலு பேர் வந்து 'இவர் ஏழைதான்' என்று சத்தியம் செய்யணும். சபையே சபாஷ் போட்டது. மந்திரிக்குக் கால் தரையில் பாவவில்லை.

இரண்டு மாசம் கழித்து அவர் வைத்தியசாலை வழியாகப் போனார். ஆவுடைத்தாய் என்ற கூலிக்காரி, காய்ச்சலில் துவண்ட மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று கெஞ்சினாள்.

"ஒத்த ஆடு வச்சிருந்தேன், போன்னீக. வித்தேன், கையில காசிருக்கு போன்னீக. அதுவும் கஞ்சிக்குப் போயிருச்சு. இப்ப சாட்சி கேட்டா யாரைக் கூட்டியாருவேன்? வீடு வாசல் உள்ளவுக என்கூட வருவாகளா?"

கதவைச் சாத்திவிட்டார்கள். தான் எழுதிய வரிகளைத்தான் அவள் ஒவ்வொன்றாகச் சொல்கிறாள் என்று புரிந்ததும் குழைக்காதரை வெட்கம் பிடுங்கித் தின்றது. அவளிடம் ஒரு வார்த்தை பேசக்கூடத் துணிவில்லாமல் அரண்மனைக்கு ஓடி, கண்டதை ராஜாவிடம் சொல்லி, சட்டத்தை எடுத்துவிடச் சொன்னார்.

"நேற்றுவரை ஆடு வைத்திருந்தவள் ஏழையா?" என்று சிரித்தார் வல்லபராயர்.

ராஜாவும் சிரித்தார். "நீர் எழுதினதை நீரே குறை சொல்கிறீரே! ஒன்றுமே இல்லாத ஓர் ஏழை அந்த வாசலில் மருந்தில்லாமல் நிற்பதைக் காட்டும். அந்த இடத்திலேயே சட்டத்தைக் கிழிக்கிறேன், இது என் வாக்கு."

"நாளைக்கே காட்டுகிறேன், பிரபு."

மறுநாள் பட்டாபிஷேக நாள். அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்தில் அந்த ஒரு நாள் ராஜா செங்கோலை அம்மன் காலடியில் வைத்து, "நாடும் வீடும் உன்னது, எனக்கென்று ஒன்றுமில்லை" என்று சத்தியம் செய்வார். விளக்கு வைக்கும்வரை ஒற்றை வேட்டிதான். கோயில் சர்க்கரைப் பொங்கலை மட்டும் வளைத்துக் கட்டுவார். வருஷம் தவறாமல் வயிற்றுவலி வரும். அன்றைக்கும் வந்தது.

அரண்மனை வைத்தியர் லேகியத்தோடு ஓடிவந்தார். மந்திரி மறித்தார். "அது அரண்மனைச் சொத்து, இன்றைக்கு அம்மனுடையது. தொட்டால் சத்தியம் கெடும். ஒன்றுமில்லாதவருக்குத்தான் தர்ம வைத்தியசாலை இருக்கிறதே!"

சத்தியம் என்றதும் ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வாசலில் இருந்த வல்லபராயர் பதறி எழுந்தார். "உள்ளே... உள்ளே வாருங்கள், பிரபு!"

"ஓய், சட்டம் என்ன ஆச்சு?" என்றார் மந்திரி.

"சட்டப்படியே நடக்கட்டும்" என்று முனகினார் ராஜா. ஆடு இல்லை, காசு இல்லை. சாட்சி? கூடியிருந்த வீட்டுக்காரர்களைப் பார்த்தார். ராஜாவைப் பரதேசி என்று சத்தியம் செய்ய எவனுக்குத் தைரியம் வரும்? ஆளாளுக்கு நைசாக நழுவினார்கள்.

ராஜா படியிலேயே சுருண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் ஆவுடைத்தாய், மடியில் மகள். "நான் சொல்லுவேன் சாமி சாட்சி. எனக்கு வீடில்லையே, செல்லாதாம்."

பிள்ளையின் உடம்புச் சூடு ராஜாவின் கையில் பட்டது. "எத்தனை நாளாம்மா வருகிறாய்?"

"ஒம்போது நாளு."

ராஜா முகத்தைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, ஒரு நாழிகை என்னால் தாங்க முடியவில்லையே!"

அங்கேயே சட்டம் கிழிந்தது. முதல் மருந்து பிள்ளைக்கு. வல்லபராயருக்கு நாளை முதல் வைத்தியசாலையில் மருந்து இடிக்கிற வேலை. குழைக்காதருக்குப் பட்டுப் பீதாம்பரமும் 'மதியூகி' பட்டமும். கூட்டம் மறுபடி சபாஷ் போட்டது.

ஆவுடைத்தாய் எழுந்தவள் நின்று கேட்டாள். "அந்தச் சட்டத்தை எழுதினது யாரு சாமி?"

ராஜா மந்திரியைப் பார்த்தார். "நான்தான் தாயி" என்றார் குழைக்காதர்.

அவள் திட்டவில்லை. அவரை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தாள். "நல்லாப் படிச்சவுகளாத்தான் இருப்பாகன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு மகளோடு உள்ளே போனாள்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. மறுநாள் பட்டம் வாங்க வரச்சொல்லி சபையிலிருந்து ஆள் வந்தபோது, மந்திரி வல்லபராயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுக்கு இடித்துக்கொண்டிருந்தார்.