எட்டாவது கிண்ணம்

“டீச்சர், என்ர கிண்ணத்தில என்ன குறை?”

“தெரியேல்லை அண்ணை. வீட்டை கொண்டுபோய்ப் பாக்கிறன்.”

எட்டாவது தடவையாகக் குகபாலன் இதைக் கேட்டார். எட்டாவது தடவையாக வதனியும் இதையே சொன்னாள்.

டென்மார்க்கில், கல்லறைக் கற்களுக்கு மெருகேற்றும் தொழிற்சாலையில் இருபது வருடம் இருந்தவர் குகபாலன். அங்கத்தைய வீடுகளில் மேசை நடுவே தனியாக வைப்பார்களே, சிற்பம் போலக் கற்கிண்ணம், அதைச் செய்யப் பழகவென்று அந்த வேலையை விட்டுவிட்டு வதனியிடம் வந்திருந்தார். வதனி அவரைவிடப் பதினைந்து வயது இளையவள்.

அவள் பட்டறையில் ஒரு வழக்கம். அவளே உளியை எடுத்துக் கொடுத்தால்தான் கிண்ணத்தின் அடியில் செய்தவர் பெயர் கொத்தலாம். பெயரில்லாத கிண்ணம் கடைக்குப் போகாது.

குகபாலனின் ஏழு கிண்ணங்கள் அவள் வீட்டுக்குப் போயின. முகம் பார்க்கலாம், அவ்வளவு மினுக்கம். ஒவ்வொன்றும் ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. உளி மட்டும் வரவில்லை.

“படமெடுத்து, அதே மாதிரிச் செய்து தன்ர பேரில விக்கிறாள் போல,” என்றாள் அவர் மனைவி.

அதன்பிறகு அவருக்கு நிம்மதி போய்விட்டது. யாராவது தொடுகிறார்களா என்று பிடிக்க, ஏழாவது கிண்ணத்துக்குள் துளி விபூதி தூவி அனுப்பினார். விபூதி அப்படியே திரும்பி வந்தது. ஒருவரும் தொடவில்லை. அதுவும் அவருக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

எட்டாவதை வெறுத்துப்போய் மினுக்காமலே கொடுத்தார்.

மூன்றாம் நாள், மழைக்குள் அவள் வீட்டுக் கதவைத் தட்டினார். அந்த நாட்டில் சொல்லாமல் ஒருவர் வீட்டுக்குப் போவதில்லை. அவர் சொல்லாமல்தான் போனார்.

பெரிய யன்னல், வெறும் சுவர், ஒரு மரமேசை. மேசையில் அவருடைய கிண்ணம். கமராவைக் காணவில்லை.

“ஒளிச்சு வைச்சிட்டியளோ?”

“எதை அண்ணை?”

“அளவெடுத்த கடதாசியை! நானென்ன ஒண்டும் தெரியாத ஆளோ? இருபது வருசம் கல்லோட மாரடிச்சவன்!” கத்திக்கொண்டே ஈரக் கையுறைகளை உருவிக் கைபோன இடத்தில் போட்டார். “களவெண்டால் களவெண்டு சொல்லுங்கோ. நான் போறன்.”

வதனி அவரைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே போய் உளியோடு வந்தாள்.

“இந்தாங்கோ. பேரைக் கொத்துங்கோ.”

“இவ்வளவு நாளும் இல்லாமல் இப்ப ஏன்? நான் கத்தினதுக்குப் பயந்தோ?”

“மற்ற ஏழுக்குள்ளயும் ஒருத்தரும் ஒண்டும் போடேல்லை அண்ணை. என்ர மகள் ஒரு அப்பிள் பழத்தை வைக்கப்போய், மினுக்கம் கெட்டுடுமெண்டு பயந்து திருப்பி எடுத்தவள்.”

“இதுக்குள்ள மட்டும் ஆர் என்னத்தைப் போட்டது?” என்று பாய்ந்தார் குகபாலன்.

வதனி விரலால் காட்டினாள்.

அவருடைய கையுறைகள் இரண்டும் கிண்ணத்துக்குள் கிடந்தன.