பாதியில் நின்ற ஒன்பது பேர்

“மேடம், இந்த ஒன்பது பேரையும் விட்டுறலாமா?” என்று கேட்டார் மெய்யப்பன்.

கல்லூரியில் முப்பது வருடம் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். மனச் சிக்கலில் தவிக்கும் இளைஞர்களுக்காகத் தூத்துக்குடியில் ஜெசிந்தா ஒரு மையம் நடத்திவந்தார். அதனால் எவ்வளவு பயன் என்று மதிப்பிட மெய்யப்பன் வந்திருந்தார். ஜெசிந்தா அவரைவிட இருபத்தைந்து வயது இளையவர். இருந்தாலும், “இந்த வேலையை மேடம்கிட்டதான் கத்துக்கறேன்” என்பார்.

“எந்த ஒன்பது பேர்?”

“மையத்துக்கு வந்து பாதியில நின்னவங்க. கடைசியில தர்ற கேள்விப் படிவத்தை எழுதல. மத்த முப்பத்தொரு பேர்ல இருபத்தாறு பேருக்கு நல்ல முன்னேற்றம். இவங்களை எடுத்துட்டா அறிக்கை சுத்தமா இருக்கும்.”

ஜெசிந்தா ஒன்பது முகவரிகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

“ஏன் நின்னாங்கன்னு கேட்டுட்டு வாங்க சார்.”

மூன்று நாள் அலைந்தார். ஒருத்தி திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தாள். ஒருத்திக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மையத்துக்கு வந்ததை வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று அவள் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். ஒருவன் கூப்பிட்டும் வாசலுக்கே வரவில்லை.

ஒன்பதாவது வீட்டில், பட்டியலின் கடைசிப் பெயரான டெரிக்கின் அம்மா கதவைத் திறந்தார். உள்ளே சுவரில் டெரிக்கின் படம். மாலை போட்டிருந்தது.

“யாரு நீங்க?”

“மையத்துல இருந்து வர்றேன்மா.”

“வெள்ளிக்கிழமையானா சட்டையைத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு அங்கதானே சார் வருவான். நாலு மாசமா ஆளைக் காணோமேன்னு ஒருத்தருக்கும் தோணலையா?”

மெய்யப்பன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாதான் உள்ளே போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

திரும்பி வந்து ஜெசிந்தாவிடம் நடந்ததைச் சொன்னார்.

“உங்களுக்குத் தெரியுமா மேடம்?”

“தெரியாது சார். ரெண்டு தடவை போன் பண்ணேன். ஸ்விட்ச் ஆஃப்னு வந்துச்சு. மூணாவது தடவை பண்ணல.”

“நான் இப்ப அறிக்கையில என்ன எழுதட்டும்?”

ஜெசிந்தா முகத்தைத் துடைத்துக்கொண்டார். இப்போது மையத்துக்கு வந்துகொண்டிருப்பவர்களின் வருகைப் பதிவேட்டை அவர் பக்கம் தள்ளினார்.

“இன்னிக்கு வராதவங்க யாருன்னு பாருங்க.”

அவர் விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தார்.

“ரெண்டு பேர். செல்வஜோதி... ரூபன்.”

நிமிர்ந்தபோது ஜெசிந்தா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

“ரூபன் வீட்டுக்கு நான் போறேன். செல்வஜோதி வீட்டுக்கு நீங்க கிளம்புங்க சார்.”