முள்ளாயியும் பச்சைப் பொத்தானும்

கருவேலங்காட்டில் முள்ளாயி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். அவளுக்கு எதைக் கண்டாலும் சந்தேகம். காற்றடித்தால் முள்ளைச் சிலிர்ப்பாள். காற்று நின்றால், ஏன் நின்றது என்று மறுபடியும் சிலிர்ப்பாள். அவளுக்கு இரண்டு குட்டிகள். பிறந்து இருபது நாள்கூட ஆகவில்லை.

அவள் வளையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அது அரதப் பழசு. ஆன் பண்ணினால் கிரைண்டர் மாதிரி உறுமும். பக்கவாட்டில் நாலு தட்டுத் தட்டினால்தான் திரையில் வெளிச்சம் வரும். கீபோர்டில் மூன்று கட்டைகள் உதிர்ந்துவிட்டன. அந்த ஓட்டைகளில் தன் முள் ஒன்றை விட்டுக் குத்திக் குத்தித்தான் எழுதுவாள்.

அந்தக் காட்டுக்கு ஒரே ஒரு குளம். கோடையில் அது சுருங்கிக் குட்டையாகிவிடும். எல்லோரும் ஒன்றாக இறங்கினால் சேறுதான் மிஞ்சும். அதனால் கோடை பிறந்ததும் குளத்தின் இணையதளத்தில் தண்ணீர் குடிக்க ஆளாளுக்கு ஒரு நேரத்தை முறையாகப் பதிந்துகொள்வார்கள். முறை இல்லாதவர்கள் உச்சி வெயிலில், எல்லோரும் குடித்து முடித்த பிறகு கடைசியாக இறங்கவேண்டும்.

முள்ளாயிக்கு வருஷா வருஷம் விடிகாலை முதல் முறை. உள்ளே போய் ஒரு பச்சைப் பொத்தானை அமுக்கி உறுதி செய்தால் போதும், வேலை முடிந்தது. இந்த வருஷம் அது தவறினால் பச்சைக் குட்டிகள் வெயிலில் வதங்கிப் போகும். அந்தப் பயத்தோடுதான் அன்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

திரை வந்தது. முள்ளாயி திடுக்கிட்டாள். வழக்கமாக இருக்கும் தாமரைப் படத்தைக் காணோம். பச்சைப் பொத்தானைக் காணோம். வெள்ளை வெளேரென்று ஒரு பக்கம், நடுவில் நீலப் பொத்தான். கீழே இப்படி எழுதியிருந்தது: ‘தளம் புதுப்பிக்கப்பட்டுள்ளது. உங்கள் கணினி மிகவும் பழையது. நாளை மாலைக்குள் புதிய பாஸ்வேர்டு அமைத்து உங்கள் முறையை உறுதி செய்யவும்.’

“அடி ஆத்தி! என் கம்ப்யூட்டர் பழசுன்னு இவனுக்கு எவன் சொன்னான்? வளைக்குள்ள எட்டிப் பார்க்கிறானா?” என்று கத்தினாள். மூக்கைத் திரையில் ஒட்டி மோந்து பார்த்தாள். அவள் வாசனைதான் அடித்தது. அதுவும் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வளை முயல் செவந்தி ஓடி வந்தாள்.

“என்னக்கா, யாரை இப்படித் திட்டுறீங்க?”

“பாருடி! இடது மூலையில இருந்த பச்சைப் பொத்தான் எங்கே? தாமரை எங்கே? இது திருட்டுப் பக்கம்!”

“இல்லக்கா, நெசமாவே மாத்திட்டாங்க. நானும் நேத்து நீலத்தை அமுக்கித்தான் பதிஞ்சேன். நம்பிக்கை இல்லேன்னா குளக்கரைக்குப் போயி, முறைப் பட்டியல் வெச்சிருக்கிற நாரை அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. கூப்பிடு தூரம்தானே!”

முள்ளாயி கண்ணைச் சுருக்கினாள். இவளுக்கு ஏன் இவ்வளவு அக்கறை? நம்ம விடிகாலை முறை மேல் கண்ணோ? நாரையும் இவளும் கூட்டோ?

“உன் வேலையைப் பார்த்துட்டுப் போடி! அந்தப் பச்சைப் பொத்தான் வராம நான் எதையும் அமுக்க மாட்டேன்!” என்றாள். செவந்திக்கு முகம் வாடிப்போயிற்று. திரும்பிப் போனாள்.

வளைக்கு மேலே புளியங்கிளையில் மரநாய் மாசிலாமணி படுத்திருந்தான். முறை பதிவதற்கெல்லாம் சோம்பேறி, ஆனால் காது மட்டும் கூர்மை. நடந்த பேச்சு முழுவதும் அவன் காதில் விழுந்தது.

மறுநாள் மத்தியானம் முள்ளாயிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘புதிய தளம் பிடிக்கவில்லையா? பழைய பக்கம் இதோ!’ என்றிருந்தது. திறந்தாள். அதே தாமரை! அதே இடது மூலை! அதே பச்சைப் பொத்தான்!

“அப்பாடா! நான் அப்பவே சொன்னேன்ல!” முள்ளெல்லாம் படிந்தது. அவளுக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது. மோந்து பார்க்கவும் தோன்றவில்லை. பாஸ்வேர்டு கேட்டது. முள்ளால் குத்திக் குத்தி ஒவ்வோர் எழுத்தாகப் போட்டாள். பச்சைப் பொத்தானை ஆசையாக அமுக்கினாள். ‘நன்றி’ என்று வந்தது.

அடுத்த நாள் விடிந்தும் விடியாமலும் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு குளத்துக்குப் போனாள். கரையில் நாரை வெள்ளைச்சாமி பட்டியலோடு நின்றார். தண்ணீரில் யாரோ சாவகாசமாக மல்லாந்து கிடந்தார்கள். பார்த்தால், மாசிலாமணி!

“இது என் முறை! எந்திரிடா!”

நாரை பட்டியலைப் பார்த்தார். “உன் முறையை நேத்து சாயங்காலம் அவனுக்கு மாத்திக் குடுத்திருக்கியேம்மா. உன் பாஸ்வேர்டு போட்டுத்தான் மாத்தியிருக்கு.”

“நான் எங்கே குடுத்தேன்? பச்சைப் பொத்தானைத்தான் அமுக்கினேன்!”

மாசிலாமணி தண்ணீரைக் கொப்பளித்துவிட்டுச் சிரித்தான். “அந்தப் பொத்தானை வரைஞ்சதே நான்தான் அக்கா! உங்களுக்குப் பிடிச்ச கலர்ல, பிடிச்ச இடத்துல வெச்சேன். பாஸ்வேர்டை நீங்களா குடுத்தீங்க!”

முள்ளாயியின் முள்ளெல்லாம் ஒருசேரச் சிலிர்த்தது. ஆனால் சிலிர்க்கவேண்டிய நேரம் நேற்றே போய்விட்டது.

“புகார் எழுதிக்கிறேன். விசாரிச்சு மாத்த எட்டு நாள் ஆகும்,” என்றார் நாரை. “நாளெல்லாம் இங்கேயே ஒத்தைக் காலில நிக்கிறேனே, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாம்மா?”

எட்டு நாள்! வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. சின்னக் குட்டி நாக்கை வெளியே போட்டுக்கொண்டு அவள் காலடியில் படுத்துவிட்டது.

இரண்டாவது முறை செவந்தியுடையது. அவள் தண்ணீரில் இறங்கி நாலு மடக்குக் குடித்தாள். உடனே கரையேறிவிட்டாள்.

“நாரை அண்ணே, என் முறையில பாதியை இந்தக் குட்டிகளுக்குக் குடுக்கிறேன். எட்டு நாளைக்கும் எழுதிக்குங்க. அக்கா, பிள்ளைகளை இறக்குங்க, நேரம் ஓடுது!”

குட்டிகள் தண்ணீரில் வாய் வைத்துச் சளக் சளக்கென்று குடித்தன. முள்ளாயி குடிக்கவில்லை. முந்தாநாள் இதே செவந்தியைத்தானே சந்தேகப்பட்டோம் என்று தலை குனிந்து நின்றாள்.

“செவந்தி, உன்னைப் போய்த் தப்பா நினைச்சுட்டேனே!”

“அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். முதல்ல தண்ணியக் குடிங்கக்கா!”

புதிதாகத் தெரிவதையெல்லாம் சந்தேகப்பட்டு, பழகிய முகத்தோடு வருவதை விசாரிக்காமல் நம்புகிறவர்கள் திருடனுக்குத் தாங்களே கதவைத் திறந்துவிடுகிறார்கள்.