கறுப்புத் தண்ணீரில் நனைத்த வலை

தென்னந்தோப்பை ஒட்டிய காட்டில் ஒரு குளம். அங்கே நீர்நாய் மினுக்கனும் அவன் கூட்டாளிகளும் தினமும் பந்தாடுவார்கள். கோரையில் முடைந்த பந்து அது. வெயிலில் கிடந்தால் வெடித்துவிடும் என்று தண்ணீரிலேயே மிதக்கவிடுவார்கள்.

அந்தக் கோடையில் முள்ளம்பன்றி முறுக்கன் கயிறு திரிக்க ஆரம்பித்தான். தேங்காய் மட்டைகளை உருட்டி வந்து குளத்தில் ஊறப்போட்டான். தண்ணீர் கறுத்தது, நாறியது. பந்தும் மட்கிப் போனது.

மினுக்கனுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. பௌர்ணமியன்று ஏரிக்கரை அணியோடு போட்டி. பந்து கொண்டுவராத அணி ஆடாமலே தோற்றதாகிவிடும்.

"காட்டுக்கு நியாயம் சொல்லும் யானையம்மாவிடம் முறையிட்டு இழப்பீடு கேட்போம்" என்றாள் கோல் காக்கும் ஆமை அம்மணி.

"கேட்பதுதான் கேட்கிறோம், கிழிந்த கோல் வலையையும் சேர்த்துக்கொள்வோமே!" என்றான் மினுக்கன்.

"அது போன வருடம் கெண்டையைத் துரத்தி நீ கிழித்ததாயிற்றே?"

"கெண்டை வந்து சாட்சி சொல்லுமா?"

"எப்படிச் சொல்லும்? நீதான் தின்றுவிட்டாயே."

மினுக்கன் கேட்கவில்லை. மரப்பொந்தில் கிடந்த கொடி வலையை எடுத்துக் கறுப்புத் தண்ணீரில் முக்கினான். பந்தையும் வலையையும் யானையம்மாவின் முன்னால் வைத்தான். முறுக்கனும் வந்து நின்றான்.

"இரண்டுமே இவன் மட்டை ஊறிய தண்ணீரில் மட்கியவை" என்றான் மினுக்கன்.

யானையம்மா வலையைத் துதிக்கையால் பற்றி இழுத்தாள். அறுபடவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். கறுப்புத்தான் துதிக்கையில் ஒட்டியது.

"மட்கிய வலை இத்தனை உறுதியாகவா இருக்கும்?"

"பார்த்தீர்களா! அப்படியானால் பந்துக்கும் இவனே கறுப்புப் பூசியிருப்பான்" என்று முறுக்கன் முள்ளைச் சிலிர்த்தான்.

யானையம்மா வழக்கையே தள்ளிவிட்டு எழுந்துகொள்ளப் பார்த்தாள். வலைக்கு ஆசைப்பட்டுப் பந்தும் போகப்போகிறதே என்று மினுக்கன் ஓடிப்போய்க் குறுக்கே நின்றான்.

"வலை நான் கிழித்ததுதான் அம்மா. நேற்றுத்தான் நனைத்தேன். பந்து மட்டும் நிஜம். பிய்த்துப் பாருங்கள்."

யானையம்மா பந்தை அமுக்கினாள். அது சேறாக உதிர்ந்தது. உள்ளே நடுவரைக்கும் கறுப்பு.

"முறுக்கா, பௌர்ணமிக்கு முன்னால் புதுப்பந்து செய்து கொடு. இனிமேல் மட்டையைத் தனிக்குழி வெட்டி ஊறவை. மினுக்கா, வலைக்கு உனக்கு ஒன்றும் கிடையாது. நீயே பின்னிக்கொள்."

முறுக்கன் காய்ந்த மட்டையை நடுவில் வைத்து, தேங்காய் நார் சுற்றி ஒரு பந்து செய்தான். பழைய பந்தைவிட அழகாக மிதந்தது. கரையில் உட்கார்ந்து விரல் நோக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த மினுக்கனிடம் அதை நீட்டினான்.

"சும்மா கேட்டிருந்தால் வலையும் பின்னித் தந்திருப்பேனே. எனக்கும் ஆட்டம் பார்க்கப் பிடிக்கும்."

மினுக்கன் அசடு வழியச் சிரித்தான். பௌர்ணமியன்று ஆட்டம் அமர்க்களமாக நடந்தது. முறுக்கன்தான் எல்லோரையும்விட உரக்கக் கத்தினான்.

நியாயமாகக் கேட்கும்போது ஒரு பொய்யைச் சேர்த்தால், நம் பக்கத்து உண்மையையும் பிறர் நம்ப மாட்டார்கள்.