கதவில் கை வைத்தவன்

முன்னொரு காலத்தில் என்று தொடங்க ஆசைதான். ஆனால் இது நடந்தது போன பங்குனியில். இருந்தாலும் ஒரு ஊர் உண்டு, ஊரில் ஒரு மருந்துக்கடை உண்டு, மருந்துக்கடைக்கு மேலே ஒரு மாடி உண்டு, மாடியில் ஒரு டீச்சர் உண்டு. ஊர் உறையூர். டீச்சர் பெயர் எஸ்தர் நவமணி.

ஜெர்மனிக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு அவர் அந்த ஊர் பாஷையைச் சொல்லிக்கொடுத்தார். பத்தொன்பது வருஷத்தில் இருநூறு பேரையாவது அனுப்பியிருப்பார். அவர் மட்டும் திருச்சி ஏர்போர்ட்டில் வாசலைத் தாண்டியதில்லை.

மாடிக்கு இரும்புப் படி. பூனை ஏறினாலும் டங் டங்கென்று கேட்கும். வருகிறவர் யாரென்று டீச்சர் திரும்பிப் பார்க்க மாட்டார். சத்தத்தை வைத்தே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கிளம்ப இரண்டு மாதம் இருக்கும்போது பிள்ளைகளைத் தினமும் நடக்க விடுவார். காலால் இல்லை. கம்ப்யூட்டரில் மேப்பைத் திறந்து, போய்த் தங்கப்போகிற தெருவைப் படம் படமாகப் பார்த்து, அம்புக்குறியை அழுத்தி அழுத்தி, ஹாஸ்டலிலிருந்து யுனிவர்சிட்டி வரைக்கும் போக வேண்டும். அடுத்த படம் வருவதற்கு முன்பே அங்கே என்ன இருக்கிறது என்று அந்தப் பாஷையில் சொல்லிவிட வேண்டும். இங்கே பேக்கரி. இங்கே பாலம். இங்கே மஞ்சள் தபால்பெட்டி. தப்பாகச் சொன்னால் மறுபடி ஹாஸ்டல் வாசலுக்கு வந்து முதலிலிருந்து நடக்க வேண்டும்.

"போய் இறங்கினதும் திருதிருன்னு முழிக்கக் கூடாதுல்ல" என்பார்.

அன்று சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. வகுப்பு கிடையாது. டீச்சர் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"மிஸ்."

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேஜைக்கு முன்னால், அடுத்துக் கிளம்ப வேண்டிய தரணிதரன் நின்றான். கம்ப்யூட்டர் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். சட்டை வியர்வையில் தெப்பமாக நனைந்திருந்தது.

"எப்படா வந்தே?"

"இப்பத்தான் மிஸ்."

"படிச் சத்தமே கேக்கல."

"ஓடித்தான் மிஸ் வந்தேன்."

டீச்சர் எட்டி வாசலைப் பார்த்தார். அவன் செருப்பு கிடந்தது. பிறகு அவன் காலைப் பார்த்தார். கால் தரையில்தான் இருந்தது.

"ரெண்டு வாரமாவே உன் சத்தம் கேக்கறதில்லை" என்றார். "சரி, உக்காரு."

அவன் உட்காரவில்லை.

"மிஸ், நான் போகல."

"எங்கே?"

"எங்கேயும். நாளைக்கு ராத்திரி மெட்ராஸ் பஸ். திங்கட்கிழமை காலையில விசா இன்டர்வியூ. டிக்கெட்டைக் கேன்சல் பண்ணப் போறேன்."

"இதை விட்டா அடுத்த தேதி எப்போ?"

"ஆவணியில. அதுக்குள்ள சீட்டு போயிடும்."

"தெரிஞ்சேதான் சொல்றியா?"

"தெரிஞ்சேதான் மிஸ்."

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். "யாராவது ஏதாவது சொன்னாங்களா? குளிருக்குப் பயமா? போன வாரம் வரைக்கும் குதிச்சிக்கிட்டு இருந்தியே. அங்கே எந்த வீட்டு ஜன்னல்ல எந்தப் பூந்தொட்டின்னு கேட்டா அதைக்கூடச் சொல்லுவியே."

தரணி பையைத் திறந்து கம்ப்யூட்டரை மேஜைமேல் வைத்தான். மேப் திறந்தது. அவன் போய்த் தங்கப்போகிற ஆற்றங்கரைத் தெரு. சாம்பல் வானம். கல் பாவிய நடைபாதை. பதினான்காம் எண் ஹாஸ்டல்.

"இவனைப் பாருங்க."

ஹாஸ்டல் வாசலில் ஒருவன் முதுகைக் காட்டி நின்றான். பாதி திரும்பிய முகம். அந்த மேப்பில் எல்லார் முகத்தையும் மங்கலாக்கிவிடுவார்கள், இவன் முகமும் மங்கல்தான். ஆனால் இடதுகாலைத் தூக்கி வலதுகால் குதிமேல் வைத்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றான். கையில் ஒரு மஞ்சள் பை தொங்கியது.

டீச்சர் படத்தைப் பார்த்தார். பிறகு எதிரே நிற்கிற தரணியின் காலைப் பார்த்தார். இடதுகால் வலதுகால் குதிமேல் இருந்தது.

"கொக்கு" என்றார்.

"எங்கம்மாவும் அப்படித்தான் திட்டுவாங்க. அந்தப் பை எங்க அக்கா கல்யாணத் தாம்பூலப் பை மிஸ். எழுத்தைப் படிக்க முடியல, ஆனா கலர் அதான், அந்தப் பச்சை எழுத்துதான். கல்யாணம் நடந்தது போன தை மாசம். படத்துக்குக் கீழே தேதி பாருங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தது."

"ம்."

"இதுக்கே பயந்து ஓடி வரல மிஸ். முதல்ல பாலத்துல நின்னான். யாரோன்னு விட்டுட்டேன். செவ்வாய்க்கிழமை பேக்கரி வாசல்ல நின்னான். வியாழக்கிழமை தபால்பெட்டி. இன்னைக்குக் காலையில கதவுக்குப் பக்கத்துல. இப்போ பாருங்க, கதவுல கை வச்சிருக்கான். எடுத்து வச்ச படம் மிஸ் இது. எப்படி நடப்பான்?"

தெருவில் ஒரு ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது.

"நான் போய்ச் சேர்றதுக்குள்ள உள்ளே போயிடுவான்" என்றான் தரணி. "அதுக்கப்புறம் எனக்கு அங்கே என்ன வேலை? அந்த ரூம்ல அவன் இருப்பான்."

டீச்சர் எழுந்து பானையிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அவன் குடித்தான்.

"உனக்கு முன்னாடியும் ஒருத்தி பார்த்தா" என்றார்.

தரணி டம்ளரை இறக்கினான்.

"அஸ்மான்னு ஒரு பொண்ணு. பாலக்கரை. உன்னை விடக் கெட்டி. கண்ணை மூடிக்கிட்டே அந்த ஊர்த் தெருவைச் சொல்லுவா. ஒரு நாள் வந்து, மிஸ், என் துப்பட்டாவைப் போட்டுக்கிட்டு ஒருத்தி அங்கே நடந்து போறான்னா. நான் சிரிச்சேன். அவளும் சிரிச்சா. கிளம்பிப் போயிட்டா."

"அப்புறம்?"

"போய் இறங்கின அன்னைக்கு போன் பண்ணினா. ரூமுக்கு வெளியே நின்னு பேசினா. மிஸ், சாவி போட்டாலும் திறக்கல, தட்டினேன், உள்ளேயிருந்து யாருன்னு கேக்கறாங்க, அது என் குரலா இருக்குன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் சொல்றதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சு. அதுக்கப்புறம் அவ எனக்குப் பேசல."

"அவங்க வீட்டுக்கு?"

"வாரா வாரம் பேசறாளாம். நல்லா பேசறாளாம். அவங்கம்மாவைக் கடைத்தெருவுல பார்த்தேன். எல்லாம் பேசறா டீச்சர், ஆனா இன்னைக்கு என்ன குழம்புன்னு மட்டும் கேக்கறதே இல்லைன்னாங்க. முன்னே வாசல்லேயிருந்தே அதைக் கேட்டுக்கிட்டுத்தான் உள்ளே நுழைவாளாம்."

தரணி டம்ளரை மேஜைமேல் வைத்தான்.

"நேத்து உங்க வீட்ல என்ன குழம்பு?" என்றார் டீச்சர்.

"நேத்தா மிஸ்?" என்றான்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் மிஸ். சாப்பிட்டிருப்பேன்."

"சரி. ஒரு நடை போயிட்டு வருவோம்."

"அங்கேயா? வேண்டாம் மிஸ்."

"உங்க தெருவுக்கு."

டீச்சர் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி அவன் தெருப் பெயரை அடித்தார். சாம்பல் வானம் போய் வெயில் வந்தது. குழாயடி, கொடிக்கம்பம், சைக்கிள்கள்.

"சட்டம் அதேதான். அடுத்த படத்துக்கு முன்னாடி சொல்லணும். தமிழ்லயே சொல்லு, பரவாயில்ல."

"இது எங்க தெரு மிஸ். பொறந்ததுலேர்ந்து இங்கேதான் இருக்கேன்."

"சொல்லு."

"மளிகைக்கடை."

அம்புக்குறி அழுத்தினார். செல்போன் கடை வந்தது.

"எப்போ மாத்தினாங்க?" என்றான்.

"முதல்லேர்ந்து."

மறுபடி தெருமுனை. செல்போன் கடை என்றான், சரி. மாவு மில் என்றான், சரி. அடுத்து காலி மனை என்றான். மூன்று மாடி வீடு நின்றது, பால்கனியில் துணி காய்ந்தது.

"இந்த வீட்டை நான் பார்த்ததே இல்லை மிஸ்."

"முதல்லேர்ந்து."

ஏழு முறை நடந்தார்கள். அவனுக்கு வியர்த்தது. ஆற்றங்கரைத் தெருவில் அவன் ஒரு முறைகூட முதலிலிருந்து நடக்க வேண்டி வந்ததில்லை. எட்டாவது முறை அவன் வீடு வந்தது. பச்சைக் கேட்டு. கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா. முகம் மங்கல். ஒரு கையில் எவர்சில்வர் டம்ளர், அதன்மேல் ஒரு தட்டு மூடியிருந்தது. இன்னொரு கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துத் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா" என்றான். "டீ. நாலு மணிக்குப் போடுவாங்க."

"யாரைப் பார்க்கறாங்க?"

"என்னைத்தான். காலேஜ் விட்டு வர்ற நேரம்."

"வந்தியா?"

"படத்துல எப்படி மிஸ் தெரியும்?"

"இப்போ தினமும் டீ யார் குடிக்கறது?"

"மேலே என் ரூம் வாசல்ல வச்சிட்டுப் போவாங்க. கதவைச் சாத்திக்கிட்டு நான் மேப்ல நடந்துக்கிட்டு இருப்பேன்ல. சில நாள் எடுக்க மறந்துடுவேன். சாயந்திரம் அவங்களே வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க. ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

டீச்சர் பின்பக்க அம்புக்குறியை ஒரு முறை அழுத்தினார். பக்கத்து வீடு. முன்பக்கம் ஒரு முறை. பச்சைக் கேட்டு.

அம்மாவின் கை நெற்றியில் இல்லை.

"மிஸ்."

பின்பக்கம். முன்பக்கம்.

அம்மா வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தார். டம்ளர் சாய்ந்திருந்தது. கேட்டுக்கு வெளியே சிமெண்டுத் தரையில் ஈரம்.

"மிஸ், டீயைக் கொட்டிட்டாங்க."

பின்பக்கம். முன்பக்கம்.

கேட்டு பாதி சாத்தியிருந்தது. இடுக்கில் புடவை நுனி மட்டும் தெரிந்தது.

தரணி கம்ப்யூட்டரைப் பிடுங்கித் தன் பக்கம் திருப்பினான். வேறு வேறு பக்கம் அழுத்திப் பார்த்தான். எல்லாப் பக்கமும் அதே வெயில், அதே கேட்டு, அதே இடுக்கு.

"நிறுத்துங்க மிஸ். எப்படியாவது நிறுத்துங்க."

"நான் எதையும் தொடலையே."

"கேட்டைச் சாத்தறாங்க மிஸ்!"

டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவை எடுத்து மூடியைப் போட்டார்.

"அவன் கை வச்ச கதவைப் பார்த்துட்டு இவ்வளவு தூரம் ஓடி வந்தே" என்றார். "மணி நாலாகப் பத்து நிமிஷம் இருக்கு தரணி. உங்கம்மா இன்னும் டீ போடல."

அவன் அவரைப் பார்த்தான்.

கம்ப்யூட்டரை விட்டுவிட்டான். பையை விட்டுவிட்டான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டானா இல்லையா தெரியாது.

டீச்சர் காது கொடுத்து உட்கார்ந்திருந்தார். முதல் படி கேட்கவில்லை. இரண்டாவதும் கேட்கவில்லை. ஐந்தாவதோ ஆறாவதோ படியில் டங் என்றது. அதற்குக் கீழே எல்லாப் படியும் கேட்டது.

மருந்துக்கடைக்காரர் கீழேயிருந்து கத்தினார். "டேய், மெதுவாப் போடா! மாடியே இடிஞ்சு விழுந்துடும் போலிருக்கு!"

டீச்சர் திரையைப் பார்க்காமலே கம்ப்யூட்டரை மூடினார். விளக்கை அணைத்தார். கதவைப் பூட்டி, ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, படியிறங்கி நடந்தார்.