பங்குனி ஆமை ஏன் திரும்பிப் பார்ப்பதில்லை

இந்தக் கதை எனக்கு நேராகக் கிடைத்ததல்ல. என்னோடு ஒரே அறையில் தங்கி வேலைக்குப் போகும் ஷைனி சொன்னது. விடுமுறைக்கு நான் அவளோடு அவள் ஊர்க் கடற்கரைக்குப் போயிருந்தபோது சொன்னாள். அவளுக்கு அந்த ஊர்ப் படகுக்காரர் ஒருவர் சொன்னாராம். நான் கடலே இல்லாத ஊர்க்காரி. நடுவில் எதையாவது மாற்றி எழுதியிருந்தால் தவறு என்னுடையது.

கடலில் இருப்பவையும் கரையில் இருப்பவர்களும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், பங்குனி என்றொரு கடலாமை இருந்தாள். பட்டப்பகலில் கரையேறுவாள். மணலில் குழி பறித்து நூறு முட்டைக்கு மேல் இடுவாள். இட்டதும் போய்விட மாட்டாள். பொரியும்வரை ஒன்றரை மாதமும் குழிக்குப் பக்கத்திலேயே கிடப்பாள். பிறகு முன்னால் நகர்ந்துகொண்டே, "இங்கே, இங்கே" என்று கூப்பிட்டுக் குஞ்சுகளைக் கடலுக்கு அழைத்துப் போவாள்.

அந்தக் கரையில் சங்குமணி என்ற பெண் இருந்தாள். தூரத்து ஊரிலிருந்து வாழ வந்தவள். பிறந்த வீட்டிலிருந்து யாரும் அவளைப் பார்க்க வந்ததில்லை. பங்குனி இருக்கும் அந்த ஒன்றரை மாதம்தான் அவளுக்குப் பேச்சுத் துணை. மற்ற நாளெல்லாம் வலையின் கிழிசலைத் தைத்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஏட்டி, போன வருசத்துக்கு இளைச்சுட்டியே," என்பாள் பங்குனி.

"உனக்கென்ன, இளைச்சாலும் ஓடு மறைச்சுரும்," என்பாள் சங்குமணி.

கரையை ஒட்டி ஓங்கில் ஒன்று நீந்திக்கொண்டிருக்கும். டால்பினைக் கரைக்காரர்கள் ஓங்கில் என்பார்கள். "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கறதுக்குள்ள நான் நாப்பது தடவை மூச்சு வாங்கிட்டேன்," என்று அது கேலி செய்யும்.

ஒரு வருடம் நாத்தனார் எல்லோருக்கும் முன்னால் கேட்டாள். "எங்க அண்ணனைக் கட்டி நாலு வருசமாச்சே மைனி, உங்க ஆளுன்னு ஒருத்தர் இந்த வாசலுக்கு வந்திருக்காங்களா?"

சங்குமணிக்குச் சுருக்கென்றது. "எங்க அக்கா கரையிலதான் இருக்கா. நாளைக்குப் பொழுதுசாயப் பிள்ளைகள் வெளிய வருது. வந்து பாருங்க," என்று சொல்லிவிட்டாள்.

"பொரியற அன்னைக்கு நீ மட்டும் வா," என்று பங்குனி முன்பே சொல்லியிருந்தாள். சங்குமணிக்கு அது மறக்கவில்லை. ஆனால் அந்த ஒரு நாள், தனக்கும் ஆள் உண்டு என்று காட்ட வேண்டும்போல் இருந்தது.

அந்தக் கரையில் அப்போது ஒரு வழக்கம் இருந்ததாம். பிள்ளையை முதல்முதலாக வாசலுக்குக் கொண்டுவரும்போது ஊரே விளக்கோடு வந்து நின்று கூப்பிடும். அப்படித்தான் மறுநாளும் வந்தார்கள். பொழுது இறங்கி மங்கலாகிவிட்டிருந்தது. ஆளுக்கொரு விளக்கோடு குழியைச் சுற்றி நின்றார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை.

மணல் அசைந்தது. சின்னச் சின்னத் தலைகள் வெளியே வந்தன.

"இங்கே, இங்கே," என்றாள் பங்குனி.

"இங்க வாடி தங்கம்!"

"ஏலே, இந்தப் பக்கம் வால!"

"எம்மாடி, இது என்னைத்தான் பாக்குது!"

அத்தனை குரலில் அம்மாவின் குரல் எது என்று குஞ்சுகளுக்குத் தெரியவில்லை. விளக்குகளை நோக்கி நகர்ந்தன. கால்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டன. நாத்தனார் முதல் தடவையாகச் சங்குமணியின் தோளில் கை போட்டாள். சங்குமணி சிரித்துக்கொண்டிருந்தாள்.

கடலிலிருந்து ஓங்கில் எம்பி எம்பிக் கத்தியது. "வழி விடுங்க! விளக்கை அணைங்க!"

"ஓங்கில் ஆடுது பாரு!" என்று கூட்டம் கைதட்டியது.

சங்குமணிக்கு மட்டும் அந்த வார்த்தைகள் காதில் விழுந்தன. அவள் ஓடி ஓடி விளக்குகளை ஊதினாள். அதற்குள் பாதிக்கு மேற்பட்ட குஞ்சுகள் தாழம்புதருக்குள் போயிருந்தன. அங்கே நண்டுகள் இருந்தன.

மீந்தவற்றைக் கடலில் விட்ட பிறகு பங்குனி ஒரு தடவை திரும்பினாள். "நீ மட்டும்னு சொன்னேனே," என்றாள்.

அடுத்த வருடம் அவள் வரும் காலம் வந்தது. அவள் வரவில்லை. சங்குமணி புருசனோடு கட்டுமரத்தில் ஏறிக் கடலுக்குள் போனாள். ஓங்கில் பக்கத்தில் வந்தது.

"அவ என்மேல கோவமா இருக்காளா?"

"கோவம் இல்ல. வருவா. இருட்டினப்புறம் வருவா. முட்டையிட்ட உடனே போயிருவா. பிள்ளைகளை இனிமே கூப்பிடமாட்டாளாம். தண்ணியில தெரியற வெளிச்சத்தைப் பாத்து அதுங்களே வரட்டுமாம்."

"நான் வரலாமா?"

ஓங்கில் ஒரு முறை மூச்சு விட்டது. "விளக்கில்லாம வா. அவளுக்குப் பின்னால தள்ளி உக்காரு. அவளுக்கும் கடலுக்கும் நடுவுல நிக்காத. கூப்பிடாத. அவ திரும்பிப் பாக்கமாட்டா. உன்னைப் பாத்தா பேசிருவாளாம். பேசினா இருந்துருவாளாம்."

அதைச் சொல்லிவிட்டு ஓங்கில் மூழ்கியது. அதற்குப் பிறகு அது எந்த மனிதரோடும் பேசவில்லை.

சங்குமணி தனியாகப் போனாள். இருட்டில் மணல் சரசரத்தது. பங்குனி குழி பறித்தாள், முட்டையிட்டாள், மணலைத் தள்ளி மூடினாள். அவள் கண்ணிலிருந்து வழிந்த நீரில் மணல் ஒட்டியது. "இளைச்சுட்டியே அக்கா" என்பது சங்குமணியின் நாக்கு நுனிவரை வந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பங்குனி கடலை நோக்கிப் போனாள். அலையின் விளிம்பில் ஒரு கணம் நின்றாள். பிறகு தண்ணீர் வந்து அவளை எடுத்துக்கொண்டது.

அன்று முதல்தான் பங்குனி ஆமை இருட்டில் வந்து, முட்டையிட்டு, திரும்பிப் பார்க்காமல் போகிறது. அதைப் பார்க்கப் போகிறவர்கள் விளக்கில்லாமல் பின்னால் உட்காருகிறார்கள். ஓங்கில் படகருகே வந்து முகம் காட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போகிறது. படகுக்காரர்கள் அதைத் துரத்தாமல் படகை அப்படியே நிறுத்திக் காத்திருப்பதும் அன்று முதல்தான்.

கண்ணீர் விஷயம் மனதை உறுத்தியதால் பிறகு படித்துப் பார்த்தேன். அது அழுகை இல்லை. உடலில் சேரும் உப்பைக் கடலாமைகள் கண்ணருகே உள்ள சுரப்பி வழியாக வெளியேற்றுகின்றன. கரையில் மட்டுமல்ல, கடலுக்குள் இருக்கும்போதும் அந்த நீர் சுரக்கிறது. அங்கே அது தண்ணீரோடு கலந்துவிடுவதால் யாருக்கும் தெரிவதில்லை.